கடல் சாமந்திக்கு ஒரு கை உப்பு

சமைக்கும்போது அப்பாதுரை ருசி பார்ப்பதில்லை. திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் சமைக்கிறவர்கள் பலரும் அப்படித்தான். சாமிக்குப் படைக்கும் முன் எச்சில் படக்கூடாது. ஆனால் அப்பாதுரை கல்யாணச் சமையலிலும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். ஐந்நூறு பேருக்கான சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று ஆவியை ஒரு தடவை முகர்வார். உப்புச் சட்டிக்குள் கையை விட்டு அள்ளிப் போடுவார். கையை உதறிவிட்டு அடுத்த அடுப்புக்குப் போய்விடுவார். கரண்டி பிடித்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு பந்தியிலாவது உப்பு கூடிற்று என்றோ குறைந்தது என்றோ யாரும் சொன்னதில்லை.

"மாஸ்டர் கைக்குத் தராசு எதுக்கு?" என்று போளூர் ரோட்டு மண்டபங்களில் சொல்வார்கள். காதில் விழாத மாதிரி கரண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை மனைவி ஜோதியம்மாளிடம் சொல்லுவார்.

அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம். பதினான்கு வயதில் கீழ்பென்னாத்தூர் சமையல் கோஷ்டி ஒன்றில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தவர், பத்து வருஷத்தில் கரண்டி பிடித்து, பிறகு தனக்கென்று ஆறு பேர் வைத்துக்கொண்டு மாஸ்டர் ஆனார். இப்போது ஐம்பத்தொன்பது வயது. முழங்கால் வலிக்கிறது. பெரிய கல்யாணங்களை விட்டுவிட்டு, பௌர்ணமி அன்னதானமும் சின்னச் சின்ன விசேஷங்களுமாக நிறுத்திக்கொண்டார். மீதி நாளெல்லாம் வீட்டில்தான். அதனால்தான் அந்தத் தொட்டி அவர் பொறுப்புக்கு வந்தது.

தொட்டி மகள் கவிநிலாவுடையது. ஒரே மகள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு வந்தபோது, கூடத்தில் டிவி இருந்த இடத்தில் நூற்றைம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தாள். கடலே இல்லாத ஊரில் கடல் தண்ணீர். கடல் உப்பு மூட்டையாக வந்தது. அதைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, ஏதோ ஒரு குழாய் போன்ற கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்ப்பாள். அப்பாதுரைக்குச் சிரிப்பாக வரும். உப்பைக் கண்ணால் பார்க்கிறாள் என்று அடுப்படியில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொட்டியின் நடுவில் ஒரு பாறை. பாறைமேல் கடல் சாமந்தி. சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை ஒன்றில் தூக்கிப் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி, பையில் தண்ணீரோடு கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதம் அதன் பக்கத்திலேயே கிடந்தாள். அப்புறம் அது விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, பழுப்பும் பச்சையுமாக நூறு விரல்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் கத்தரிப்பூ நிறம். அதற்குள் இரண்டு ஆரஞ்சு மீன்கள் புகுந்து புரண்டன. பெயரில்தான் சாமந்தி, அது பூ இல்லை, செடியும் இல்லை, வாயும் வயிறும் உள்ள பிராணி என்று மகள் எத்தனை முறை சொன்னாலும் ஜோதியம்மாள் அதைச் செடி என்றே சொன்னாள்.

"செடி இன்னைக்கு நல்லா மலந்திருக்குது பாருங்க."

"அம்மா, அது செடி இல்ல."

"சரிடி, உன் செடி இல்லாத செடி."

போன வருஷக் கடைசியில் கவிநிலாவுக்கு நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் இடம் கிடைத்தது. மீன்களுக்கு வரும் நோய்களைப் பற்றி நாலு வருஷம் ஆராய்ச்சி. "மீனுக்கு ஜுரம் வந்தா உனக்கென்னா?" என்றார் அப்பாதுரை. அவள் பதில் சொன்னாள். அவரும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அப்பாவும் மகளும் ஜோதியம்மாள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். பிப்ரவரியில் அவள் விமானம் ஏறுகிற அன்று ஒரு முகூர்த்தம். சமைக்க வேறு ஆள் இல்லை, விமான நிலையத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். முகூர்த்தம் இருந்தது உண்மைதான். முழங்காலைச் சாக்குச் சொல்லி விட்டிருக்கக்கூடிய அந்த வேலையை அவர் வேண்டுமென்றே ஒத்துக்கொண்டதும் உண்மைதான்.

அவள் விடவில்லை. சென்னைக்குப் போகும் காரை மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்தச் சொல்லி, புகையும் ஆவியுமாக இருந்த சமையல் கூடத்துக்குள் நேராக வந்தாள். கையில் மடித்த ஒரு தாள்.

"அப்பா, தொட்டியை மட்டும் பாத்துக்கப்பா. அம்மாவுக்கு அதுல கை விட பயம். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

அப்பாதுரை தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாப்ட்டுப் போ," என்றார்.

"டைம் இல்லப்பா."

இரண்டு வடையை வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் வழியனுப்பல்.

அந்தத் தாளை அவர் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். முதல் இரண்டு மாதம் அதில் உள்ளபடியே நடந்தார். கவிநிலா தினமும் கேட்பாள் என்று காலையில் ஒரு வீடியோ, சாயங்காலம் ஒரு வீடியோ எடுத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். முதலில் சாமந்தியைப் பற்றி மட்டும் பேசினார்கள். அப்புறம் அங்கே பெய்கிற மழை, அவள் சமைத்துக் கெடுத்த ரசம் என்று பேச்சு நீண்டது. பேச்சு விட்டுப்போன அப்பாவையும் மகளையும் அந்தப் பிராணிதான் சேர்த்து வைத்தது என்று அப்பாதுரைக்குத் தெரியும்.

ஏப்ரல் வந்தது. திருவண்ணாமலை வெயிலில் பாறையே கொதிக்கும். தண்ணீர் சூடாகக்கூடாது என்று தாளில் எழுதியிருந்தபடி தொட்டிமேல் சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தார். அதனால் தினமும் இரண்டு விரல் தண்ணீர் குறைந்தது. குறைவதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தாளில் இருந்தது. வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். 'வெறும்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

இங்கேதான் அப்பாதுரையின் கை குறுக்கே வந்தது.

கல்யாணத்தில் பந்தி எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டால் சாம்பாரில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் ஒரு கை உப்பும் போட வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பந்திக்குச் சப்பென்று போகும். இது அவர் யோசித்துச் செய்கிற காரியமில்லை. வாளி சாய்ந்தால் கை உப்புக்குப் போகும். தினமும் இரண்டு விரல் குறைகிறது, தினமும் வெறும் தண்ணீர் ஊற்றுகிறோம், ஒரு மாதத்தில் இது கடல் தண்ணீராகவா இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பொண்ணு படித்தவள், ஆனால் சமையல் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக் கரைத்து ஊற்றினார். அடுத்த நாளும் ஊற்றினார். உப்பை அளக்கும் அந்தக் கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

மே மாதத் தொடக்கத்தில் சாமந்தி சுருங்கியது. நுனியில் இருந்த கத்தரிப்பூ நிறம் வெளுத்தது. கடலில் இருக்கிற சாமான், உப்பு பத்தவில்லை போல என்று இரண்டு கையாக்கினார். ஒரு வாரத்தில் அது பாறையை விட்டுக் கழன்று, தொட்டியின் மூலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெந்த காலிஃபிளவர் நிறம். நடுவில் வாய் பிளந்திருந்தது. உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ வெளியே தள்ளியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிநிலாவிடமிருந்து செய்தி வந்தது: "சாமந்தி எப்படிப்பா இருக்கு? ஒரு வாரமா வீடியோ காணோமே?"

அப்பாதுரை போனைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். போனில் மார்ச் மாதத்து வீடியோக்கள் வரிசையாக இருந்தன. தட்டு அகலத்துக்கு விரிந்த சாமந்தி, நடுவில் மீன்கள். ஒன்றைத் தொட்டார். அனுப்பினார்.

"செம்ம அழகுப்பா!" என்று உடனே பதில் வந்தது. பின்னாலேயே ஒரு சிவப்பு இதயம்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொன்று. வெள்ளிக்கிழமை இன்னொன்று. வீடியோ அழைப்பில் கேட்டால், கரண்டு இல்லை, விளக்கு எரியவில்லை என்றார். ஒரு நாள் மீன்களை மட்டும் காட்டினார். ஜோதியம்மாள் அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க இது, செத்த வீட்ல கல்யாண போட்டோ காட்ற மாதிரி."

"சாகலடி. வாய மூடு."

"நான் மூடிக்கறேன். அதும் வாய மூடச் சொல்லுங்க பார்ப்போம்."

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் கடைக்குப் போனார். கடைக்காரன் பிரகாஷுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தங்கமீனும் சண்டைமீனும் விற்கிறவன். அவன் கல்யாணத்துக்குச் சமைத்தது அப்பாதுரைதான்.

"வாங்க மாஸ்டர்! உங்க வத்தக்குழம்பை என் மாமனார் இன்னமும் சொல்றாரு. பொண்ணைக் குடுத்ததே மறந்துட்டாரு, குழம்பு மறக்கல."

"கொஞ்சம் வீடு வரைக்கும் வரியாப்பா?"

முகத்தைப் பார்த்த பிரகாஷ் அதற்குமேல் கேலி பேசவில்லை. கடையைச் சாத்திவிட்டு பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். கடல் மீன் நான் வளர்த்ததில்லை, கொளத்தூரில் ஒரு வருஷம் வேலை பார்த்தபோது பார்த்ததுதான் என்று வழியிலேயே சொல்லிவிட்டான்.

தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். சுவரில் இருந்த தாளைப் படித்தான். பெட்டியிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை வைத்தான்.

"முப்பத்தஞ்சுல நிக்கணும் மாஸ்டர். இது நாப்பத்தி மூணு. உப்பு போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்?" என்றார் அப்பாதுரை. சொன்ன வேகம் அவருக்கே வெட்கமாக இருந்தது. "ஒரு கை," என்றார் பிறகு.

"ஒரே ஒரு கையா?"

"ஒரு நாளைக்கு ஒரு கை. வாடினப்புறம் ரெண்டு."

பிரகாஷ் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். "நீங்களே பாருங்க."

அப்பாதுரை விரலை நனைத்தார். நாக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் தயங்கினார். பிறகு வைத்தார். கரித்தது. கடல் கரிக்கும்தான், ஆனால் இது தொண்டையைப் பிடிக்கிற கரிப்பு.

"குறைஞ்ச தண்ணி எங்க போச்சுன்னு நினைச்சீங்க? காத்தாடிக்கு ஆவியாப் போச்சு. உப்பு எங்கயும் போகல மாஸ்டர், உள்ளயேதான் இருக்குது. அதுமேல நீங்க வேற."

அதற்குமேல் அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழம்பு சுண்டினால் கரிக்கும். இது அவருக்குப் பதினான்கு வயதிலேயே தெரியும். சுண்டின குழம்பில் யாராவது உப்பை அள்ளிப் போட்டால் அடித்துத் துரத்தியிருப்பார். தொட்டியில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து, பரிமாறிக் குறைந்தது போல நினைத்துவிட்டார். அது அடுப்பே இல்லாமல் இத்தனை நாளாகச் சுண்டிக்கொண்டிருந்திருக்கிறது. தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. தெரிந்த விஷயம். எழுதியும் ஒட்டியிருந்த விஷயம். மகள் கோடு போட்ட அந்த ஒரு சொல்லை அவர் தினமும் காலையில் பார்த்துக்கொண்டே மீறியிருக்கிறார்.

"பொழைக்குமாப்பா?"

"தெரியல மாஸ்டர். பொய் சொல்ல மாட்டேன்." பிரகாஷ் இதை யதார்த்தமாகத்தான் சொன்னான். அப்பாதுரை தலையைத் திருப்பிக்கொண்டார். "ஒரேயடியா மாத்தினா இப்பவே செத்துரும். தினம் நாலு லிட்டர் எடுத்துட்டு நாலு லிட்டர் வெறும் தண்ணி. ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் இறங்கணும். ஆமா, உங்க பொண்ணைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லி இருக்குமே?"

ஜோதியம்மாள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அத கேளுப்பா நல்லா," என்றாள்.

மறுநாளிலிருந்து அந்த வேலை ஆரம்பித்தது. காலையில் குளித்ததும் ஒரு குழாயால் நாலு லிட்டர் உறிஞ்சி எடுப்பார். வெறும் தண்ணீரை, வெண்ணெய் உருக்கும் பொறுமையோடு, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுவார். பிறகு கருவியை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். முதல் நாள் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். நாற்பத்திரண்டு.

மீன்கள் சும்மா விடவில்லை. பழகின வீடு என்று சுருங்கிக் கிடந்ததின் மேலேயே போய் முட்டின. பெரியது, பெண் மீன், முகத்தால் இடித்துப் புரட்டியது. ஜோதியம்மாள் அடுப்படியிலிருந்து பிளாஸ்டிக் வடிகூடையைக் கொண்டுவந்தாள். "இத கவுத்து வெய்யுங்க. கோழிக்குஞ்சுக்கு வெக்கறதில்லயா." கவிழ்த்து வைத்தார்கள். தண்ணீர் போகும், வெளிச்சம் போகும், மீன் போகாது. மீன்கள் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"பாருங்க, ஆஸ்பத்திரி வாசல்ல சொந்தக்காரங்க நிக்கற மாதிரி," என்றாள் ஜோதியம்மாள்.

நாலாம் நாள் வாய் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடி பிளந்தது. ஆறாம் நாள் பௌர்ணமி. அவர் அன்னதானத்துக்குப் போனார். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கொதித்தது. ஆவியை முகர்ந்தார். உப்புச் சட்டிக்குள் கையை விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. இது போதுமா, ஜாஸ்தியா? இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. பாதியைச் சட்டியிலேயே உதறிவிட்டு மீதியைப் போட்டார். கிரிவலப் பாதையில் வரிசையில் வந்த ஒரு அம்மாள் இரண்டு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மியா இருக்குதுங்களே," என்றாள். கூட இருந்தவர்கள் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். ஊறுகாயைக் கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டு அவர் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். எதிரே மலை. கும்பிடலாம் என்று கையெடுத்தவர், என்னவென்று வேண்டுவது என்று தெரியாமல் கையை இறக்கினார். அது பிழைக்க வேண்டும் என்றா, தான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றா? இரண்டில் எது முதலில் மனதில் வந்தது என்பதுதான் அவரை வருத்தியது.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. கருவியில் முப்பத்தைந்து. சாமந்தியின் அடிப்பாகம் தொட்டிச் சுவரை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இன்னும் உள்ளங்கை அளவுதான், இன்னும் வெள்ளைதான். மத்தியானம் கவிநிலா கூப்பிட்டாள். போனில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அப்பா, ஒரு விஷயம். நீ வெள்ளிக்கிழமை அனுப்புன வீடியோவை எங்க புரொபசர்கிட்ட காட்டினேன். கடல்ல இருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, நாப்பது டிகிரி வெயில்ல, எங்கப்பா வளக்கறாரு, அவர் ஒரு சமையல் மாஸ்டர்னு சொன்னேன். எழுந்து வந்து பாத்தாருப்பா. ரெண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னாரு."

அப்பாதுரை தொட்டியைப் பார்த்தார்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது." தொட்டியிலிருந்து திரையின் பக்கம் திரும்பினார். "அது மார்ச் மாசம் எடுத்தது கவி."

"எது?"

"வெள்ளிக்கிழமை அனுப்புனது. அதுக்கு முன்ன அனுப்புனதும். இந்த ரெண்டு வாரமா அனுப்புனது எல்லாம் பழசு."

எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கை உப்பு, இரண்டு கை உப்பு, கழன்று விழுந்தது, பிரகாஷ், நாற்பத்து மூன்று. சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. திரையில் அவளுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"உப்பு போட்டதை விடு," என்றாள் கடைசியில். "எல்லாருக்கும் நடக்கும். நானே ரெண்ட கொன்னிருக்கேன். செத்திருந்தா என்னாப்பா பண்ணியிருப்ப?"

"என்னா பண்றது..."

"செத்திருந்தாலும் மார்ச் மாச வீடியோவை அனுப்பிக்கிட்டே இருந்திருப்பியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "தெரியலம்மா," என்றார்.

"இங்க உக்காந்துக்கிட்டு உங்களைப் பத்தி எனக்குத் தெரியறது எல்லாம் இந்தப் போன்ல வர்றது மட்டும்தான்பா. வேற ஒண்ணுமே இல்ல. ராத்திரி போன் அடிச்சா யாருக்கு என்னாச்சோன்னு பயமா இருக்குது எனக்கு. அம்மா நல்லா இருக்கறா, அம்மா நல்லா இருக்கறான்னு தினம் சொல்றியே. அது எந்த மாசத்து அம்மா?"

அப்பாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் தெரியக்கூடாது என்று போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். பிறகு அதுவும் மறைப்புதானே என்று தோன்றி, கிட்டே கொண்டுவந்தார்.

"அம்மாகிட்ட குடு."

ஜோதியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "இந்த மாசத்து அம்மாதான்டி பேசறேன். சர்க்கரை நூத்தி அறுவது இருக்குது. போன வாரம் தல சுத்துச்சு, இப்ப இல்ல. வேற என்னா வேணும் உனக்கு?"

தலை சுற்றியது அப்பாதுரைக்கே தெரியாது. அவர் மனைவியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்," என்றாள் கவிநிலா போனில்.

பிறகு தொட்டியைக் காட்டச் சொன்னாள். வடிகூடையை எடுக்கச் சொன்னாள். அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்ததும் அவள் மூச்சை இழுத்தது இங்கே கேட்டது. அதன் பிறகு அவள் அழவில்லை, திட்டவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விளக்கைப் பாதி நேரம்தான் போட வேண்டும். தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரின் வாய்க்குப் பஞ்சு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இழுத்து அரைத்துவிடும். வாய் முழுசாக மூடி, விரல் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்வரை தீனி கூடாது. சரி என்றார் அப்பாதுரை. ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

ஜூன் மாதம் முழுக்க அவர் அனுப்பியவை அசிங்கமான படங்கள். வெளுத்தது, சுருங்கியது, சாய்ந்தது, எப்படி இருந்ததோ அப்படியே அனுப்பினார். ஒரு நாள் தண்ணீர் கலங்கியிருந்தது, அதையும் அனுப்பினார். "ம்" என்று பதில் வரும். சில நாள் அதுவும் வராது.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் விரலை மெல்லக் கொண்டுபோய்த் தொட்டார். ஒட்டியது. கம்பிப் பாகு பதத்தில், விட மனமில்லாத மாதிரி இழுத்தது. அவர் கத்தின கத்தில் ஜோதியம்மாள் பயந்து ஓடிவந்தாள். மறுநாள் பௌர்ணமிச் சமையல் என்பதால் அவர் கவிச்சியைத் தொடக்கூடாது. அவளே நாலு எறா வாங்கி வந்து, ஒன்றை மிளகளவு நறுக்கி, இடுக்கியில் பிடித்து, முதல் தடவையாகத் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"தின்னுடி ராசாத்தி. இந்தாளு உன்ன ஊறுகா போட்டுட்டாரு, தெரியும். தின்னு."

விரல்கள் மெதுவாக மடங்கி அதை உள்ளே வாங்கிக்கொண்டன. அப்பாதுரை வீடியோ எடுத்தார். அனுப்பினார்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "இது இன்னைக்கு எடுத்ததா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் அதைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறவர்களைப் போல, கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அப்பாதுரை சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, முதலில் தேதியைக் காட்டிவிட்டுத்தான் சாமந்தியைக் காட்டுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சாமந்தி மறுபடி தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. நுனிகளில் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. பெரிய மீன் அதற்குள் புதைந்து வால் மட்டும் தெரிய ஆடிக்கொண்டிருந்தது. அவரே வீடியோ அழைப்பு போட்டார். கவிநிலா முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுவருவது போலப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு வழக்கம்போல, "காலண்டர் எங்கப்பா?" என்றாள்.

இது நேரடி அழைப்பு, பழசாக இருக்கவே முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் எடுத்துக் காட்டினார். காட்டின பிறகுதான் கவனித்தார். வியாழக்கிழமைத் தாள். மூன்று நாளாக வீடியோ எடுக்கவில்லை, யாரும் கிழிக்கவும் இல்லை.

"ஐயோ, இல்லம்மா, இது... உங்கம்மாதான் கிழிப்பா... இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான், பாரு, நான் இப்ப கிழிக்கறேன், உன் எதுர்லயே கிழிக்கறேன்..."

போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தாள்களைக் கிழிக்க முயன்று, காலண்டர் கீழே விழுந்து, அதை எடுக்கக் குனிந்தபோது திரையில் கூரைதான் தெரிந்திருக்கும். போனிலிருந்து சத்தம் வந்தது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தார். நிமிர்த்திப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்தபடி.

"போதும்பா. நம்பறேன். கிழிக்காத, விடு."

அவர் விடவில்லை. தரையில் உட்கார்ந்து, வியாழன், வெள்ளி, சனி என்று ஒவ்வொன்றாகக் கிழித்து, ஞாயிறு தெரியும்வரை அவளுக்குக் காட்டினார்.